ஃப்ளெக்ஸிபிள் பாடி சந்தேகங்கள்: மல்டிபாடி சிமுலேஷனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே சிமுலேஷன் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்கள் லேப்டாப்போடு வந்துவிடுவார்கள். பாதிப் பேர் உள்ளூர், பாதிப் பேர் புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள். கல்லூரி மாறுகிறது, சாஃப்ட்வேர் மாறுகிறது, சந்தேகம் மட்டும் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலோடு தொகுத்திருக்கிறேன்.

பல பதில்களில் ஒரே இயந்திரம் வரும், அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு குழு முந்திரிக்கொட்டையை அளவு பிரிக்கும் சல்லடை செய்தது. கொட்டையோடு சேர்த்து 40 கிலோ தட்டு. அதைத் தாங்க நான்கு கால்கள். ஒவ்வொரு காலும் இரும்புக் கடையில் கிடைக்கிற 30-க்கு 6 எம்.எஸ். பிளாட் (30 மி.மீ. அகலம், 6 மி.மீ. தடிமன் கொண்ட மைல்டு ஸ்டீல் பட்டை), 600 மி.மீ. நீளம். மேலும் கீழும் போல்ட் போட்டு இறுக்கியது, முனையைத் திரும்ப விடும் பின் (கீல் ஆணி) கிடையாது. கால் வளைந்துதான் தட்டு ஆடும். ஒரு கிராங்க் தட்டை இந்தப் பக்கம் 10 மி.மீ., அந்தப் பக்கம் 10 மி.மீ. தள்ளி இழுக்கும், நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது 5 ஹெர்ட்ஸ்.

மல்டிபாடின்னா என்ன மேடம்? நாங்க எஃப்.இ.ஏ. பண்ணிட்டோமே, அது போதாதா?

எஃப்.இ.ஏ.வில் (ஃபைனைட் எலிமென்ட் அனாலிசிஸ், பொருளைச் சின்னக் கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறை) ஒரு பொருளைப் பிடித்து வைத்து, விசை கொடுத்து, எங்கே எவ்வளவு வளைகிறது என்று பார்க்கிறீர்கள். அந்த விசை எவ்வளவு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். மல்டிபாடியில் பல பொருள்கள் ஜாயின்டுகளால் இணைந்து பெரிய அசைவாக அசையும். எந்த நேரத்தில் எந்த ஜாயின்டில் எவ்வளவு விசை என்பதை அது கணக்கிட்டுத் தரும். வழக்கமாக ஒவ்வொரு பொருளும் வளையாத கட்டை என்று எடுத்துக்கொள்ளும். அதைத்தான் ரிஜிட் பாடி என்கிறோம். சில பொருள்களை மட்டும் வளைய அனுமதிப்பதுதான் ஃப்ளெக்ஸிபிள் பாடி.

எல்லாத்தையும் ரிஜிட்டா விட்டா என்ன ஆயிடும்? கண்ணுக்கே தெரியாத வளைவுதானே?

சல்லடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழு முதலில் கால்களை ரிஜிட் ஆக்கி, வளைய முடியாததால் இரண்டு முனையிலும் பின் போட்டது. 300 சுற்றில் கிராங்க் ராடில் அதிகபட்சம் 395 நியூட்டன் வந்தது. அது தட்டின் நிறையை மட்டும் ஆட்டத் தேவையான விசை. நிஜத்தில் நான்கு கால்களும் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கின்றன. 10 மி.மீ. தள்ளினால் 240 நியூட்டன் திருப்பித் தள்ளும், தட்டு திரும்பும் இடத்தில் அந்த விசை கிராங்குக்கு உதவியாக இருக்கும். ஆக ராடில் வருவது 155 நியூட்டன்தான். வேகத்தை 240 சுற்றுக்குக் குறைத்தால் ரிஜிட் மாடல் 253 நியூட்டன் என்கிறது. வளைகிற காலோடு கணக்குப் போட்டால் 13 நியூட்டன். இருபது மடங்கு வித்தியாசம். மோட்டாரை எந்த எண்ணை நம்பி வாங்குவீர்கள்?

கண்ணுக்குத் தெரியாத வளைவைப் பற்றிச் சொன்னால், எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோள் எக்ஸ்ப்ளோரர் 1. 1958 ஜனவரி 31 அன்று ஏவப்பட்டது. பென்சில் மாதிரி நீளமானது, நீள அச்சைச் சுற்றிச் சுழலவிட்டார்கள். ரிஜிட் பாடி கணக்குப்படி அந்தச் சுழற்சி நிலையானது. ஆனால் அதில் நான்கு மெல்லிய ஆன்டெனாக்கள் சாட்டை போல வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை வளைந்து வளைந்து சுழற்சியின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றன. சீக்கிரத்திலேயே கோள் நீள அச்சை விட்டுக் குட்டிக்கரணம் போட ஆரம்பித்தது. எடையில் ஒரு பொருட்டே இல்லாத உறுப்பு, வளைந்ததால் மொத்த அசைவையே மாற்றிவிட்டது.

எந்த பார்ட்டை ஃப்ளெக்ஸிபிள் ஆக்கணும்னு எப்படி முடிவு பண்றது? எல்லாத்தையும் ஆக்கிடலாமா?

எல்லாவற்றையும் ஆக்காதீர்கள். ஓடவும் ஓடாது, ஓடினாலும் எதனால் எது வந்தது என்று புரியாது. முதலில் இயந்திரம் எந்த வேகத்தில் உலுக்குகிறது என்று ஹெர்ட்ஸில் எழுதுங்கள். பிறகு அந்த உறுப்பின் இயல்பு அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம். அது உலுக்கும் வேகத்தைப் போல 10 மடங்குக்கு மேல் இருந்தால் நான் ரிஜிட் ஆக விட்டுவிடுவேன். 3 மடங்குக்குள் இருந்தால் ஃப்ளெக்ஸிபிள். நடுவில் இருந்தால் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்ப்பேன்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பாதிப் பேர் விழுகிறார்கள். சல்லடைக் காலை இரண்டு முனையும் பிடித்துத் தனியாகக் கணக்கிட்டால் முதல் அதிர்வெண் 86 ஹெர்ட்ஸ். கிராங்க் 5 ஹெர்ட்ஸ். 17 மடங்கு, ரிஜிட் ஆக விடலாம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கால் தனியாக இல்லை, தலையில் தட்டைச் சுமக்கிறது. நான்கு கால்களின் விறைப்பு மொத்தம் மீட்டருக்கு 24,000 நியூட்டன். 40 கிலோவோடு சேர்த்தால் 3.9 ஹெர்ட்ஸ். கிராங்கின் வேகத்துக்குக் கிட்டத்தில் நிற்கிறது. ஒரு உறுப்பின் அதிர்வெண்ணை அது சுமக்கிற பாரத்தோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

வருகிறவர்கள் எல்லோரிடமும் ஒரு எஃகு ஸ்கேலைக் கொடுப்பேன். 1 மி.மீ. தடிமன். மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து 25 செ.மீ. வெளியே நீட்டித் தட்டினால் 13 ஹெர்ட்ஸ், ஆட்டம் கண்ணுக்குத் தெரியும். நீட்டலைப் பாதியாக்கினால் 52 ஹெர்ட்ஸ், வெறும் சத்தமாகத்தான் கேட்கும். நீளம் பாதியானால் அதிர்வெண் நான்கு மடங்கு. மறுபடி 25 செ.மீ. நீட்டி, நுனியில் 35 கிராம் அளவுக்கு ஒரு சின்னப் பூட்டை நூலால் இறுக்கிக் கட்டித் தட்டுங்கள். அதிர்வெண் ஏறக்குறைய பாதிக்கு இறங்கிவிடும். ஸ்கேல் அதே ஸ்கேல்தான்.

ஏம்மா, பட்டையை நாலஞ்சு துண்டா வெட்டி நடுவுல ஸ்பிரிங் வச்ச மாதிரி போட்டா ஆகாதா?

இதைக் கேட்டவர் பண்ருட்டிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். தாராளமாக ஆகும், அவர் கேட்டது ஒரு முறையான வழி. காலை 100 மி.மீ. ரிஜிட் துண்டுகள் ஆறாகப் பிரித்து, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் ஒரு முறுக்கு ஸ்பிரிங் போடுங்கள். அதன் மதிப்பு, பட்டையின் இ.ஐ. மதிப்பை (வளைவை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவு) துண்டின் நீளத்தால் வகுத்தது. நம் பட்டைக்கு இ.ஐ. 108 நியூட்டன் சதுர மீட்டர், 0.1 மீட்டரால் வகுத்தால் ரேடியனுக்கு 1,080 நியூட்டன் மீட்டர். இறுக்கிய இரண்டு முனைகளிலும் அதைப்போல இரு மடங்கு, ஏனென்றால் அங்கே அரைத் துண்டுதான் வளைகிறது. இதை மறந்துவிட்டு வருகிறவர்கள் நிறைய.

ஆறு துண்டுக்குக் காலின் விறைப்பு உண்மையைவிட 5% அளவுக்குக் குறைவாக வரும், பன்னிரண்டு துண்டுக்கு 1.5%-க்குள். பட்டை, குழாய், கம்பி மாதிரி ஒல்லியான உறுப்புகளுக்கு இது போதும். தட்டுக்கோ, வளைந்து நெளிந்த காஸ்டிங்குக்கோ எங்கே வெட்டுவது என்றே தெரியாது. அங்கேதான் மெஷ், அதாவது உறுப்பைச் சின்னக் கூறுகளாகப் பிரிக்கும் வலை, தேவைப்படுகிறது.

ஃப்ளோட்டிங் ஃப்ரேம்னு புக்ல போட்டிருக்கு. நாலு தடவை படிச்சேன், புரியல.

நீங்கள் புதுச்சேரியிலிருந்து நின்றுகொண்டே பஸ்ஸில் வருகிறீர்கள். இருபது கிலோமீட்டருக்கு மேல் பயணம், நடுவில் வளைவு, பாலம், பிரேக். அதே நேரம் கம்பியைப் பிடித்தபடி முன்னும் பின்னும் ஒரு சாண் ஆடுகிறீர்கள். உங்கள் அசைவை எழுத இரண்டு கணக்கு போதும்: பஸ் எங்கே, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, பஸ்ஸுக்குள் நீங்கள் எவ்வளவு சாய்ந்திருக்கிறீர்கள்.

ஃப்ளோட்டிங் ஃப்ரேம் என்பது அந்த பஸ். உறுப்போடு கூடவே போகும், திரும்பும் ஒரு அச்சுத்தொகுதி. பெரிய இடப்பெயர்ச்சியும் சுழற்சியும் அதன் கணக்கு, அளவு கட்டுப்பாடு எதுவும் கிடையாது. உறுப்பின் வளைவை அதற்குள்ளிருந்து அளக்கிறோம், அது சிறியதாக இருக்க வேண்டும். சிறியதாக இருப்பதால்தான் எஃப்.இ.ஏ.வின் நேரியல் கணக்கை அப்படியே உள்ளே எடுத்துக்கொள்ள முடிகிறது.

கிரெய்க்–பாம்ப்டன் பட்டனை அழுத்தினா ஃபைல் வருது. உள்ள என்ன நடக்குது மேடம்?

ஒரு காலுக்கு நீங்கள் போட்ட மெஷில் 40,000 நோட் (வலையின் முடிச்சுப் புள்ளி) இருந்தால், ஒன்றுக்கு மூன்று திசை வீதம் 1,20,000 அசைவுகள். ஒவ்வொரு நேரப்படியிலும் (கணக்கு முன்னேறும் சின்ன நேரத் துண்டு) அத்தனையையும் தீர்க்க முடியாது. ஆனால் கால் நிஜத்தில் எடுக்கும் வடிவங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சில வடிவங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் எந்த அளவுக்குக் கலக்கிறது என்பதை மட்டும் கணக்கிடுகிறோம். அந்த வடிவங்கள்தான் மோடுகள். எவற்றைத் தேர்வது என்பதற்கு ராய் கிரெய்க்கும் மெர்வின் பாம்ப்டனும் 1968-இல் ஒரு வழி எழுதினார்கள். 1965-இல் வால்டர் ஹர்ட்டி போட்ட பாதையைச் சுருக்கிச் செம்மையாக்கியது அது.

ஸ்கேலைக் கையில் எடுங்கள். இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு ஒரு முனையை மட்டும் கொஞ்சம் நகர்த்துங்கள், பிறகு கொஞ்சம் திருப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் வரும். முனைக்கு ஆறு வீதம் இரண்டு முனைக்கு 12. இவை கன்ஸ்ட்ரெயின்ட் மோடுகள். அடுத்து இரண்டு முனைகளையும் அசையாமல் பிடித்து நடுவில் தட்டுங்கள். அப்போது வரும் அதிர்வு வடிவங்கள் ஃபிக்ஸ்டு இன்டர்ஃபேஸ் மோடுகள், அதில் முதல் 8 எடுத்தால் மொத்தம் 20. நீங்கள் ஜாயின்ட் போடும் இடங்கள்தான் அந்த முனைகள், இன்டர்ஃபேஸ் நோடுகள். அதனால் ஜாயின்ட் எங்கே வரும் என்று முடிவு செய்த பிறகுதான் இந்த ஃபைலையே உருவாக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்குமானால் இது நிற்கட்டும்: நீங்கள் கொடுத்த வடிவங்களில் மட்டுமே அந்த உறுப்பு வளையும். கொடுக்காத வடிவத்தில் அது கல் மாதிரி நிற்கும், எந்த எச்சரிக்கையும் திரையில் வராது.

அப்போ எத்தனை மோட் எடுக்கணும்? எங்க சீனியர் எப்பவும் 20-ன்னு சொல்றாரு.

20 என்பதில் மந்திரம் எதுவுமில்லை. உலுக்கும் அதிர்வெண்களில் உங்களுக்கு முக்கியமான உச்சத்தைப் பாருங்கள், அதைப்போல இரண்டு மடங்கு வரைக்கும் ஃபிக்ஸ்டு இன்டர்ஃபேஸ் மோடுகளை எடுங்கள். சல்லடைக் காலின் முதல் மோடே 86 ஹெர்ட்ஸ், உலுக்கல் 5. கணக்குப்படி ஒன்றுகூட வேண்டாம். தட்டு பக்கவாட்டில் நகரும்போது கால் எடுக்கும் எஸ் வடிவம் கன்ஸ்ட்ரெயின்ட் மோடுகளிலேயே அச்சாக இருக்கிறது. கிராங்க் பின் தேய்ந்து தட்டும் சத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றால் கதை வேறு, ஒரு தட்டலில் எல்லா அதிர்வெண்ணும் இருக்கும்.

ஒரு குழு கிரெய்க்–பாம்ப்டனை விட்டுவிட்டு, காலை அந்தரத்தில் மிதக்கவிட்ட நிலையின் முதல் மூன்று வளைவு மோடுகளை மட்டும் எடுத்து வந்தது. தட்டின் அதிர்வெண் 3.9-க்கு மேலே போய் நின்றது. மிதக்கும் பட்டையின் வடிவங்களை வைத்து இரு முனையும் இறுக்கிய பட்டையின் எஸ் வடிவத்தைக் கட்ட நிறைய மோடு வேண்டும். மோடு குறைந்தால் மாடல் நிஜத்தைவிட விறைப்பாகத்தான் காட்டும். மோடுகளை இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டுங்கள், விடை நகராவிட்டால் போதுமான அளவு எடுத்திருக்கிறீர்கள்.

முதல் 6 மோடு 0 ஹெர்ட்ஸ் காட்டுது. மெஷ் தப்பா?

மெஷ் சரியாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். மூன்று திசை நகர்தல், மூன்று திசைத் திரும்புதல், வளையாமலே நடக்கும் ஆறு அசைவுகள். அந்த வேலையை பஸ் ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறது. இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தால் கணக்கு தீர்வு இல்லாமல் நிற்கும், அதனால் அந்த ஆறையும் அணைத்துவிட வேண்டும். பெரும்பாலான சாஃப்ட்வேர்கள் தாமாகவே அணைத்துவிடும். ஆறுக்குப் பதில் ஏழோ எட்டோ 0 வந்தால்தான் கவலைப்படுங்கள், மெஷில் ஏதோ ஒரு துண்டு ஒட்டாமல் கிடக்கிறது.

ஹோல் நடுவுல ஸ்பைடர் போட்டு ஜாயின்ட் கொடுத்தோம். ஹோல் பக்கத்துல ஸ்ட்ரெஸ் கம்மியா இருக்கு, சேஃப்னு எழுதலாமா?

எழுதாதீர்கள். ஸ்பைடர் என்பது துளையின் நடுப்புள்ளியைச் சுற்றுச்சுவரின் நோடுகளோடு கட்டும் இணைப்பு. அதில் ஆர்.பி.இ.2 என்ற வகை துளையின் சுற்றுச்சுவரை முழுக்க விறைப்பாக்கிவிடுகிறது. துளை நீள்வட்டமாகும் வடிவத்தை நீங்கள் கொடுக்கவே இல்லை, எனவே அது வராது. ஆர்.பி.இ.3 என்ற வகையைப் போட்டால் துளை விறைக்காது, விசையைப் பகிர்ந்துவிடும், ஆனால் போல்ட் கொடுக்கும் பிடிமானமும் அங்கே இருக்காது. இரண்டிலுமே துளை விளிம்பின் ஸ்ட்ரெஸ் நம்பக்கூடியது இல்லை. துளையிலிருந்து இரண்டு, மூன்று விட்டம் தள்ளி வரும் எண்ணை நம்புங்கள். விளிம்புக்கு, மல்டிபாடியில் கிடைத்த விசையை எடுத்துத் தனியாக நுணுக்கமான எஃப்.இ.ஏ. போடுங்கள்.

அந்தச் சல்லடையில் நடந்ததையே சொல்கிறேன். 10 மி.மீ. ஆட்டத்துக்குக் காலின் முனையில் 100 மெகா பாஸ்கல் வருகிறது. எம்.எஸ். 250 தாங்கும் என்று நினைத்துக் குழு நிம்மதியாக இருந்தது. 5 ஹெர்ட்ஸில் எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 1,44,000 ஆட்டம், ஒரு வாரத்தில் பத்து லட்சம். இரண்டாவது வாரம் ஒரு கால் மேல் போல்ட் துளையின் குறுக்கே விரிசல் விட்டது. துளையின் ஓரத்தில் ஆரம்பித்து, மயிரிழை போல, பட்டையின் பாதி அகலம் வரை. துளையில்லாத இடத்தில் இரண்டு தகடு வைத்துக் கவ்விப் பிடிக்கிற மாதிரி மாற்றிய பிறகு விரிசல் வரவில்லை.

நாலு கால் இருக்கு, ரெண்டு கால்ல ரியாக்‌ஷன் 0-ன்னு காட்டுது. மேடம், அந்த ரெண்டு காலையும் எடுத்துடலாமா?

இது பின் போட்ட ரிஜிட் மாடலில் வரும் கேள்வி. எண்ணிப் பாருங்கள். தட்டும் நான்கு கால்களும் சேர்ந்து ஐந்து உறுப்பு, ஆறு வீதம் 30 அசைவு. எட்டு ரிவலூட் ஜாயின்ட் (கீல் மாதிரி ஒரே அச்சில் திரும்புவது), ஒன்று ஐந்தைத் தடுக்கும், மொத்தம் 40 தடை. 30-இல் 40 போனால் மைனஸ் 10, ஆனால் தட்டு ஒரு திசையில் ஆடுகிறது. அப்படியென்றால் 11 தடைகள் உபரி. சாஃப்ட்வேர் தனக்குத் தோன்றிய 11-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடும். தூக்கிப் போட்ட இடத்தில் 0 வரும். அசைவு சரியாகவே இருக்கும், விசைப் பகிர்வு மட்டும் அர்த்தமற்றது.

நான்கு கால் ஸ்டூலில் எந்தக் கால் எவ்வளவு தாங்குகிறது என்பது கால்களும் தரையும் எவ்வளவு அமுங்குகின்றன என்பதைப் பொறுத்தது. அமுங்கவே அமுங்காது என்று சொன்ன பிறகு அந்தக் கேள்விக்கு விடையே இல்லை. கால்களை ஃப்ளெக்ஸிபிள் ஆக்கினால் விடை உண்டு. நீளவாக்கில் அமுங்கும் மோடும் முறுக்கு மோடும் உள்ளே இருக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேம்பிங் எவ்வளவு கொடுக்கணும்? புக்ல ஆளுக்கொரு நம்பர் இருக்கு.

டேம்பிங் என்பது ஆட்டம் தானாக அடங்கும் அளவு. அளந்துவிடுங்கள், செலவே இல்லை. காலை வைஸில் கடித்து 600 மி.மீ. நீட்டித் தட்டுங்கள், 13.6 ஹெர்ட்ஸில் ஆடும். செல்போனில் ஸ்லோமோஷனில் வினாடிக்கு 240 படம் எடுத்தால் ஓர் ஆட்டத்துக்கு 17 படம் கிடைக்கும். ஆட்டத்தின் வீச்சு பாதியாக எத்தனை ஆட்டம் ஆகிறது என்று எண்ணி, 11-ஐ அந்த எண்ணால் வகுத்தால் சதவீதம். பத்து ஆட்டத்தில் பாதியானால் 1.1%. வெறும் எஃகு 1%-க்கும் கீழே இருக்கும், போல்ட் போட்ட அமைப்பில் உரசலால் கூடும். இயந்திரமாகக் கட்டிய பிறகும் ஒருமுறை அளப்பது நல்லது.

நீங்கள் எதையுமே கொடுக்காவிட்டால் சாஃப்ட்வேர் தன் கணக்கில் ஒன்றைப் போட்டுக்கொள்ளும். ஆடம்ஸ் என்ற மல்டிபாடி சாஃப்ட்வேரில் அது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 1%, 100 முதல் 1,000 வரை 10%, அதற்கு மேல் 100%. உங்கள் கேள்வி 300 ஹெர்ட்ஸ் சத்தத்தைப் பற்றியது என்றால் அந்த 10% உங்கள் விடையையே அமுக்கிவிடும்.

ராத்திரி ஓடவிட்டுத் தூங்கினேன். காலைல பார்த்தா 0.2 செகண்ட்தான் முடிஞ்சிருக்கு.

உயர் அதிர்வெண் மோடு ஒன்று நேரப்படியைப் பிடித்து இழுக்கிறது. நம் கால் நீளவாக்கில் அமுங்கி விரியும் மோடு 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல். அந்த ஆட்டத்தைத் தொடர முயன்றால் ஒரு வினாடியை லட்சம் துண்டாக நறுக்க வேண்டும். உடனே அந்த மோடை அணைக்கக் கை போகும். அணைத்தால் கால் நீளவாக்கில் ரிஜிட் ஆகிவிடும், மேலே சொன்ன 0 ரியாக்‌ஷன் பிரச்சினை திரும்ப வரும். அணைக்காமல் அந்த மோடுக்கு மட்டும் 100% டேம்பிங் கொடுங்கள். அமுங்கும், ஆனால் ஆடாது. ஹில்பர்–ஹியூஸ்–டெய்லர் இன்டகிரேட்டர் (கணக்கை நேரப்படி நேரப்படியாக நகர்த்தும் முறை) இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். 1977-இல் வந்த முறை, உயர் அதிர்வெண்களைத் தானாகவே அடக்கும்.

தனிக் கால் 2.7 ஹெர்ட்ஸ்னு காட்டுது. நீங்க 86 சொன்னீங்க.

யூனிட். 86-ஐ 2.7-ஆல் வகுத்தால் சுமார் 32, அதாவது 1,000-இன் வர்க்கமூலம். நியூட்டன், மி.மீ. கணக்கில் நிறை டன்னில் வர வேண்டும், எஃகின் அடர்த்தி ஒரு கன மி.மீ.க்கு 7.85 × 10⁻⁹ டன். நீங்கள் கிலோ கணக்கில் 10⁻⁶ போட்டிருக்கிறீர்கள். விடை 32 மடங்கு தள்ளிப்போனால் மெஷைத் தொடவே தொடாதீர்கள், அடர்த்தியைப் பாருங்கள். நம் கால் 0.85 கிலோ. மளிகைக் கடைத் தராசில் வைத்தே சரிபார்க்கலாம்.

வளைவு பெருசா இருந்தா இந்த மோடு முறை தாங்குமா?

ஓர் அளவுக்குத்தான். மோடு கணக்கில் நுனி பக்கவாட்டில் நேர்கோட்டில் போகும், கீழே இறங்காது. நம் கால் பக்கவாட்டில் 10 மி.மீ. போனால் நிஜத்தில் அதன் தலை 0.1 மி.மீ. இறங்கும், விட்டுவிடலாம். 100 மி.மீ. போனால் 10 மி.மீ. இறங்கும். மோடு கணக்குக்கு அது தெரியாது, பட்டை நீண்டுவிட்ட மாதிரி காட்டும். நீளத்தில் பத்தில் ஒரு பங்கு வளைவு என்பது நான் வைத்திருக்கும் எல்லை.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்தபோது இளம் சவுக்கு மரங்கள் தலை தரையைத் தொடுகிற மாதிரி வளைந்து நின்றன. அப்படி ஒரு வளைவுக்கு உறுப்பைப் பல துண்டாக்கி ஒவ்வொன்றையும் தனி ஃப்ளெக்ஸிபிள் பாடி ஆக்கலாம், ஒவ்வொரு துண்டுக்கும் சொந்த பஸ் கிடைக்கும். அல்லது அஹ்மத் ஷபானா 1990-களில் முன்வைத்த ஏ.என்.சி.எஃப். (அப்சொல்யூட் நோடல் கோஆர்டினேட் ஃபார்முலேஷன்) முறைக்குப் போகலாம். அதில் பஸ்ஸே இல்லை. நோடுகளின் இடத்தையும் சரிவையும் தரையிலிருந்தே அளக்கிறோம், வளைவு எவ்வளவு பெரிதானாலும் கணக்கு தாங்கும். நேரம்தான் கூடுதலாகும்.

சல்லடையில 40 கிலோவுக்கு பதிலா 200 கிலோ ஏத்தினா நிறையை மட்டும் மாத்தினா போதும்தானே?

போதாது, இதைக் கேட்ட பெண் நல்ல இடத்தில் கைவைத்தாள். பாரம் காலை அமுக்கும்போது காலின் பக்கவாட்டு விறைப்பே குறைகிறது. 40 கிலோவில் மீட்டருக்கு 785 நியூட்டன் குறையும், 24,000-இல் 3%. 200 கிலோவில் குறைவது 3,900 நியூட்டன், 16%. ஏறக்குறைய 1,200 கிலோவில் விறைப்பு முழுக்கத் தீர்ந்து கால்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், ஆய்லர் பக்ளிங் சொல்வதும் அதைத்தான். சாதாரண மோடு முறையில் ஒரு காலுக்கு ஒரே ஃப்ளெக்ஸிபிள் பாடி என்று போட்டால் இந்த விளைவு முழுதாக வராது.

இழுத்தால் இதற்கு நேர்மாறு, விறைப்பு கூடும். ஹெலிகாப்டர் இறகு சுழலும்போது மையவிலக்கு விசை இழுப்பதால் அது விறைக்கிறது. கேன், ரயன், பானர்ஜி மூவரும் 1987-இல் இதைத்தான் காட்டினார்கள். அன்றைய வழக்கமான மோடு கணக்கில் வேகமாகச் சுழலும் தண்டு விறைப்பதற்குப் பதிலாகத் தளர்ந்து, வளைவு எல்லையில்லாமல் பெருகியது. உங்கள் சாஃப்ட்வேரில் ஜியோமெட்ரிக் ஸ்டிஃப்னஸ் என்று ஒரு தேர்வு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் முந்தைய பதிலில் சொன்னபடி துண்டாக்குங்கள்.

நெய்வேலி வாளிச்சக்கர மெஷினுக்கும் இதே முறைதானா?

அதன் நீண்ட பூமுக்கு (வாளிச்சக்கரத்தை நீட்டிப் பிடிக்கும் கை) இதே முறைதான். நிமிடத்துக்கு 60 வாளி மண்ணை வெட்டிக் கொட்டினால் 1 ஹெர்ட்ஸ் உலுக்கல், அத்தனை பெரிய பூமின் அதிர்வெண்ணும் சில ஹெர்ட்ஸுக்குள்தான் இருக்கும். பூமைத் தாங்கும் வடங்களுக்கு மட்டும் மோடு போடாதீர்கள். தேர் வடம் மாதிரி அவை இழுக்கும், தள்ளாது. இழுவிசையில் மட்டும் வேலை செய்யும் ஸ்பிரிங்காக எழுதுங்கள். கன்வேயர் பெல்ட் என்றால் சின்னச் சின்ன நிறைகளை ஸ்பிரிங்கால் கோத்த சங்கிலி.

காலேஜ் லைசென்ஸ் முடிஞ்சிடுச்சு. காசு இல்லாம எதுல பண்ணலாம்?

பைத்தான் தெரிந்தால் இன்ஸ்ப்ரூக் பல்கலைக்கழகத்திலிருந்து வரும் எக்ஸுடின். மோடு குறைப்பு, பெரிய வளைவு இரண்டும் அதில் உண்டு. சி பிளஸ் பிளஸ் பழக்கமென்றால் புராஜெக்ட் குரோனோ, ஏ.என்.சி.எஃப். கூறுகளோடு வருகிறது. மிலான் பாலிடெக்னிக்கின் எம்.பி.டைன், ஹெலிகாப்டர் ஆய்வுகளில் நெடுநாள் புழங்கியது. மூன்றும் ஓப்பன் சோர்ஸ். முதல் மாடலாக ஸ்கேலைப் போடுங்கள், 13 ஹெர்ட்ஸ் வருகிறதா பாருங்கள், பிறகு ப்ராஜெக்டுக்குப் போங்கள்.

வைவால "இது சரின்னு எப்படி நம்புறீங்க"ன்னு கேட்டா என்ன சொல்ல?

நிறையைத் தராசோடு ஒப்பிட்டேன், மிதக்கும் நிலையில் ஆறு பூஜ்யம் வந்தது, மோடுகளை இரட்டிப்பாக்கினாலும் விடை நகரவில்லை. இந்த மூன்றையும் சொல்லுங்கள். நான்காவதாக, நிற்கும் இயந்திரத்தை இழுத்து அளந்தேன் என்று சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது.

அந்தக் குழு அளந்தது. தட்டில் தொங்கு தராசை மாட்டிக் கிடையாக இழுத்தார்கள். கணக்குப்படி 10 மி.மீ. நகர 24.5 கிலோ காட்ட வேண்டும். தராசு 21-இல் நின்றது. தட்டின் பாரம் காலை அமுக்குவதில் 0.8 கிலோ போகும், மீதி 2.7 கிலோவுக்குக் கணக்கு இல்லை. மறுபடி இழுத்துக்கொண்டே ஒரு பையன் கால் அடியில் படுத்துப் பார்த்தான். கால் பதிந்திருந்த ஆங்கிள் ஃப்ரேம் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மாடலில் அந்த ஃப்ரேமைத் தரை என்று எழுதியிருந்தார்கள். அடுத்த ஞாயிறு அதையும் மெஷ் போட்டு, நான்கு கால் பதியும் இடங்களையும் இன்டர்ஃபேஸ் நோடாக வைத்துக் கொண்டுவந்தார்கள். 21.3 வந்தது.